சம்பந்திக்குக் கோபம் வரவில்லை

பெண் சூடாமணியின் கல்யாணத்துக்கு வேண்டிய எல்லாவற்றையும் கரமனை வக்கீல் வெங்கடசுப்ரமணியன் ஒன்றுவிடாமல் ஏற்பாடு செய்திருந்தார். பந்தல், மேளம், சமையலுக்கு ஆள், பிள்ளை வீட்டார் தங்க அடுத்த வீட்டில் ஜாகை, அவர்கள் கோபித்துக்கொண்டால் காலில் விழ ஒரு மைத்துனர். கடைசியில் சொன்னதுதான் முக்கியம். பந்தல் இல்லாமல்கூடத் தாலி கட்டிவிடலாம். பிள்ளையைப் பெற்றவர் ஒரு தடவையாவது கோபித்துக்கொண்டு வண்டியைப் பூட்டச் சொல்லாமல் அந்த அக்ரகாரத்தில் ஒரு கல்யாணம் நடந்ததாக யாருக்கும் ஞாபகமில்லை.

மைத்துனரின் பெயர் சுந்தரராமன். ஆலப்புழையில் ஒரு கயிறு கம்பெனியில் குமாஸ்தா. அது வயிற்றுப்பாட்டுக்கு. அவருடைய உண்மையான தொழில் சமாதானம். குடும்பத்தில் எந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் என்றாலும் லீவு போட்டுவிட்டு, பஸ் ஏறித் தம்பானூரில் வந்து இறங்கிவிடுவார். வெற்றிலையைத் துப்பிவிட்டு, அங்கவஸ்திரத்தை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, "பரிபவம் வேண்டாம் மாமா, எல்லாம் எங்க தப்பு" என்று அவர் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தால், வண்டியில் ஏறிவிட்ட சம்பந்திகூட இறங்கி வந்து இலையில் உட்கார்ந்துவிடுவார். மனத்தாங்கலுக்கு அந்தப் பக்கத்துப் பேர் பரிபவம். பாகவதர்கள் தாங்கள் பாடிய ஊர்களைச் சொல்வதுபோல, சுந்தரராமன் தாம் விழுந்த ஊர்களைச் சொல்வார்.

இப்படிச் சகல ஆயத்தங்களோடும் காத்திருந்த வீட்டுக்குச் சம்பந்தியாக வந்து வாய்த்தவர் சேஷன்.

சேஷனுக்குக் கோட்டைக்குள் வீடு, சர்க்கார் கச்சேரியில் ரிக்கார்டு செக்‌ஷனில் உத்தியோகம். வாயில் ஒரே ஒரு வார்த்தைதான் உண்டு: "சாரமில்லே." பரவாயில்லை என்பதற்கு இந்த ஊரில் சொல்வது. குடை காணாமல் போனாலும் சாரமில்லே. தமக்கு வரவேண்டிய பிரமோஷன் நேற்று வந்த பையனுக்குப் போனாலும் சாரமில்லே. பூனை குறுக்கே போனால் அதனிடமும் சொல்லியிருப்பார்.

அவருக்குக் கோபமே கிடையாது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். ஊர் எதையும் அரைகுறையாகத்தானே பார்க்கும். கோபம் இருந்தது. அதை அவர் தம் மனைவி லலிதாம்பாளிடம் ஒப்படைத்திருந்தார். காலையில் காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு, "பால் கொஞ்சம் தெளிவா இருக்காப்பல இருக்கே" என்று அவர் தமக்குள் சொல்லிக்கொள்வார். அவ்வளவுதான் அவர் வேலை. மறுநாள் பால்காரன் வாசலில் தலை காட்டும்போது லலிதாம்பாள் எழுப்பும் சப்தத்தில் பத்து வீட்டுக்காரர்கள் தங்கள் பாலையும் ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொள்வார்கள். அழுகை மட்டும் சேஷன் பொறுப்பு. லலிதாம்பாளின் அம்மா இறந்தபோது அவள் கண்ணில் ஒரு சொட்டு இல்லை. காரியத்துக்கு வந்த தர்ப்பை போதுமா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். கிணற்றடியில் நின்று விக்கி விக்கி அழுதது மாப்பிள்ளைதான். இப்படிப் பங்கு பிரித்துக்கொண்டு அவர்கள் வெகு சந்தோஷமாக இருந்தார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன் விஷஜுரத்தில் லலிதாம்பாள் போய்விட்டாள். அன்று சேஷனுக்கு அழுகை வரவில்லை. அவருக்கு வந்ததெல்லாம் கோபம். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுப் போன வைத்தியர் மேல் கோபம். ஜுரத்தை மறைத்துக்கொண்டு அப்பளம் இட்டுக்கொண்டிருந்த அவள் மேல் அதைவிடக் கோபம். ஆனால் அவர் கோபத்தை எடுத்துப் பேச வேண்டியவள் கூடத்தில் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். என்ன செய்வதென்று தெரியாமல் வாயை மூடிக்கொண்டு நின்றார். பார்த்தவர்களில் பாதிப்பேர், "என்ன மனோதிடம்!" என்றார்கள். மீதிப்பேர், "அவருக்கு அவ்வளவுதான் பிரியம் போலிருக்கு" என்றார்கள். இரண்டு கட்சிக்கும் துக்கம் விசாரித்த திருப்தி கிடைத்தது.

ஆனி மாதத்துக் கடைசி முகூர்த்தம் அது. மழை ஊற்றிக்கொண்டிருந்தது. முந்தின நாள் மத்தியானமே பிள்ளை வீட்டார் ஜாகையில் வந்து இறங்கிவிட்டார்கள். சேஷன் ஒரே பார்வையில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். கூரை ஒரு மூலையில் ஒழுகியது. பாய் போதாது. காப்பி ஆறி, ஆடை கட்டி, டம்ளரின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. மனசுக்குள் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டார், பழக்கம். ராத்திரி அவளிடம் சொல்வதற்கு. பிறகு, சொல்ல ஆளில்லை என்பது ஞாபகம் வந்தது.

சுந்தரராமன் ஓடி வந்தார். முகத்தில் அப்படி ஓர் உற்சாகம்.

"எல்லாம் சௌகரியமா? வல்லதும் குறை உண்டானா தயங்காம சொல்லணும், கேட்டேளா."

"ஒரு குறையும் இல்லே."

"காப்பி ஆறியிருக்குமே?"

"குடிக்கற சூட்டிலேதான் இருந்தது."

"மேலே ஒழுகறதோன்னோ?"

"ஒரு மூலையிலேதான். அண்டா வெச்சிருக்கோம். சாரமில்லே."

சுந்தரராமன் ஒரு கணம் தவித்துப் போனார். பிறகு எதற்கும் இருக்கட்டும் என்று இடுப்பை இறுக்கிக்கொண்டு விழுந்துவிட்டார். சேஷன் பதறிப்போய், "ஐயய்யோ, என்ன இது, எழுந்திருங்கோ" என்று தோளைப் பிடித்துத் தூக்கி, மார்பில் ஒட்டியிருந்த மண்ணைத் தம் துண்டாலேயே தட்டிவிட்டார். எத்தனையோ ஊரில் விழுந்தவர் சுந்தரராமன். யாரும் இதுவரை மண்ணைத் தட்டிவிட்டதில்லை. பேயடித்தவர்போலத் திரும்பிப் போனார்.

சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு முடிந்ததும், சேஷனின் அக்கா சிவகாமியம்மாள் கல்யாண வீட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டு மூச்சிரைக்க வந்தாள். அவள் கோபக்காரிதான், வந்ததிலிருந்து நாலு தடவை கோபித்துக்கொண்டாயிற்று. ஆனால் அத்தையின் கோபம் கல்யாணச் சாப்பாட்டில் ஊறுகாய் மாதிரி. அதை வைத்துக்கொண்டு யாரும் பந்தியை எடைபோடுவதில்லை.

"சேஷா, அங்கே என்ன பேசிக்கறா தெரியுமோடா? சம்பந்தி இப்படிப் பம்மறார்னா பிள்ளைக்கு என்னமோ இருக்காம். வலிப்புன்னு ஒருத்தி சொல்றா. வித்துராவிலே ஏற்கெனவே ஒருத்தியோட குடித்தனம்னு இன்னொருத்தி சொல்றா."

பிள்ளை ஸ்ரீகண்டனுக்கு வித்துராவுக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட் ஆபீஸில் வேலை. அட்டைக்கடியைத் தவிர அவனுக்கு அங்கே வேறு சகவாசம் கிடையாது.

"வக்கீல் என்ன சொல்றார்?" என்றார் சேஷன்.

"அவர்தான் எல்லாருக்கும் மேலே. 'இத்தனை வருஷமா கோர்ட்டிலே பாக்கறேன், ஆட்சேபணையே இல்லேங்கறவன் கிட்டேதான் கவனமா இருக்கணும்'னு சொல்லிண்டிருக்கார். வித்துராவுக்கு ஆளனுப்பி விசாரிச்சுட்டுத்தான் தாலிங்கறார். நாளைக்கு விட்டா ஆடி வந்துடும். அப்புறம் இந்தப் பேச்சு திருநெல்வேலி வரைக்கும் போயிடும். உன் பிள்ளைக்கு எவன்டா பெண் குடுப்பான்? அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்னு சும்மாவா சொன்னா? எதுக்காவது ஒண்ணு கோவிச்சுக்கோ!"

 நல்லவனாக இருந்ததற்காகப் பிள்ளையின் கல்யாணம் நின்றுபோகும் என்று சேஷன் எந்தச் சாஸ்திரத்திலும் படித்ததில்லை.

ஸ்ரீகண்டன் வந்து தூணைக் கட்டிக்கொண்டு நின்றான். பெண்ணை அவன் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தான். அதைப்பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அன்று முதல் தலையில் வகிடு மட்டும் இடமிருந்து வலத்துக்கு மாறியிருந்தது. அந்த வீட்டுப் பிள்ளை காதலை அதற்குமேல் வெளிக்காட்ட முடியாது.

"அப்பா, ஒரே ஒரு தடவை கோவிச்சுண்டுடுங்கோளேன்."

"எதுக்குடா?"

"எதுக்கு வேணும்னாலும்."

சிவகாமியம்மாள் உடனே பாடம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டாள். புருவத்தை எப்படி நெரிப்பது, "வண்டியைப் பூட்டு" என்று எந்த ஸ்தாயியில் கத்துவது, டம்ளரைப் புறங்கையால் எப்படித் தட்டுவது. சேஷன் எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுக்கொண்டார். ராத்திரிப் பந்தியில், எரிசேரியில் உப்பே இல்லை என்பதைச் சாக்காக வைத்துக்கொண்டு, புருவத்தை நெரித்து, தண்ணீர் டம்ளரைத் தட்டிவிட்டார். அது நேராக அவர் மடியிலேயே கவிழ்ந்தது. பரிமாறினவன் நடுங்கிப் போனான். அவன் நடுங்கினதைப் பார்த்து சேஷன் நடுங்கிப் போய், "என் கைதான் பட்டுடுத்து, உன் தப்பில்லே" என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். "சாரமில்லே மாமா" என்றான் அவன். எதிர்ப்பந்தியில் வக்கீல் சாதத்தைப் பிசைவதை நிறுத்திவிட்டு மைத்துனரைப் பார்த்தார்.

மறுநாள் காலை மழை விட்டிருந்தது. மேளக்காரர்கள் வந்து உட்கார்ந்தும் மேளம் கொட்டவில்லை. காசியாத்திரைக்குக் குடையும் தடியும் தயாராக இருந்தன. அதற்குள் சேஷனைக் கல்யாண வீட்டுக்குக் கூப்பிட்டனுப்பினார்கள். ரேழியில் வக்கீலும் சுந்தரராமனும் நின்றார்கள். பக்கத்து அறையில் பெண்ணை ஜோடித்துக்கொண்டிருந்தார்கள்; கதவு ஒருக்களித்திருந்தது. யாரோ சேஷன் கையில் ஒரு டம்ளர் காப்பியைத் திணித்தார்கள். வக்கீல் தமக்கென்று போடச்சொன்ன காப்பி. நுரையும் மணமுமாக, வந்ததிலிருந்து சேஷனுக்குக் கிடைத்த முதல் நல்ல காப்பி அதுதான்.

வக்கீல் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். சந்தோஷம், பயம், சந்தேகம் எல்லாவற்றுக்கும் அவரிடம் உள்ளது அந்த ஒரே கனைப்புதான்.

"தெளிவாக் கேட்டுடறேன், தப்பா நினைக்கப்படாது. எதையாவது மறைக்கறேளா?"

"மறைக்க என்ன இருக்கு?"

"கூரை ஒழுகித்து. நேத்திக்கு எரிசேரி என்னாலேயே வாயிலே வெக்க முடியல்லே. நீங்க ஒரு வார்த்தை சொல்லல்லே. பிள்ளையைப் பெத்தவர் இப்படி இருப்பாரோ? என் பெண்ணோட ஜீவிதம் அல்லே இது?"

மறுபடியும் கனைத்துக்கொண்டார். சேஷனுக்கு அவர்மேல் இரக்கம் வந்துவிட்டது. அவரும் பெண்ணைப் பெற்ற மனுஷர்; பயத்தைச் சந்தேகமாகத்தான் காட்டத் தெரிகிறது. ஆகவே சேஷன் வாழ்நாளிலேயே பேசாத அளவுக்கு நீளமாகப் பேசினார்.

"என் பிள்ளைகிட்ட ஒரு குறையும் கிடையாது. எனக்குக் கோவிச்சுக்கத் தெரியாது, அவ்வளவுதான். எங்காத்திலே அதையெல்லாம் அவதான் பாத்துண்டிருந்தா. நான் மெதுவாச் சொல்லுவேன், அவ சத்தமாச் சொல்லுவா. இப்போ அவ இல்லே. எனக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியல்லே."

வக்கீலின் முகம் இளகியது. அவர் கேட்ட சாட்சியங்களில் இதுபோல ஒன்று வந்திருக்காது. "இவ்வளவுதானா?" என்று மூச்சை விட்டார். காரியம் அதோடு நல்லபடியாக முடிந்திருக்கும். ஆனால் ரேழியில் சுந்தரராமன் என்று ஒருவர் நின்றிருந்தார். அவருக்கு ஆறுதல் வந்தால் அது வாய் வழியாகத்தான் வெளியே வரும்.

"நானும் கேள்விப்பட்டிருக்கேன் மாமா, மாமி பெரிய கோபக்காரின்னு!" என்று அவர் சிரித்தார். "பகவான் எதையும் யோசிச்சுத்தான் பண்ணுவான், கேட்டேளா. அவா இருந்திருந்தா இன்னிக்கு எங்க கதி என்ன ஆகும்? அந்த மாமியாரண்ட சூடாமணி பாடுதான் என்ன ஆகும்? ஒரு விதத்திலே பாத்தா எல்லாம் நல்லதுக்குத்தான்."

அதில் துளி விஷமம் கிடையாது. எல்லாரும் சிரித்துவிட்டு மணைக்குப் போகலாம் என்ற நல்லெண்ணம்தான். வக்கீலும் பாதி சிரித்துவிட்டார்.

டம்ளர் எதிர்ச்சுவரில் போய் மோதியது.

"காப்பியா இது?" என்று ஒரு குரல் எழுந்தது. அது தம் தொண்டையிலிருந்து வந்தது என்று சேஷனுக்கே உடனே தெரியவில்லை. "கழுநீரை ஆத்திக் கொண்டுவந்து நீட்டறேளா? ஜாகையா அது? மேலே பாத்தா ஆகாசம், கீழே பாத்தா வெள்ளம்! வந்தவாளுக்கு ஒரு பாய் உண்டா? எரிசேரியிலே உப்பு உண்டா? நாங்க என்ன வழிப்போக்கரா? கேக்க ஆளில்லேன்னு நினைச்சேளா? கேக்க ஆளில்லேன்னு நினைச்சேளா?"

கோபத்துக்கென்று அவரிடம் சொந்த வார்த்தை ஒன்றுகூடக் கிடையாது. கழுநீரும் ஆகாசமும் உப்பும் எல்லாம் அவள் வைத்துவிட்டுப் போனவை. சொல்ல வேண்டியது வேறு. அதற்கு அவளிடம்கூட வார்த்தை இருந்ததில்லை. ஆகவே கையில் கிடைத்ததையெல்லாம் எடுத்து வீசினார். கடைசி வாக்கியத்தை மட்டும் விட முடியாமல் திரும்பத் திரும்பச் சொன்னார். 

 உள்ளே யாரோ, பெண்ணுக்குப் பிள்ளை பிறந்த சேதிபோல, "சம்பந்திக்குக் கோபம் வந்துடுத்து! சம்பந்திக்குக் கோபம் வந்துடுத்து!" என்று கூவிக்கொண்டு ஓடினார்கள். பெண்ணின் அம்மா வாலாம்பாள், "பத்மநாபா, காப்பாத்தினே" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். வக்கீல் சேஷனின் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்பத்தான் மனசுக்குச் சமாதானமாச்சு" என்றார். சுந்தரராமனைக் கேட்கவே வேண்டாம். நேற்றிலிருந்து வேலையில்லாமல் துருப்பிடித்துக் கிடந்த மனுஷர். அங்கவஸ்திரத்தை வரிந்துகொண்டு, "பரிபவம் வேண்டாம் மாமா, எல்லாம் எங்க தப்பு" என்று விழுந்தார் பாருங்கள், அப்படி ஒரு விழுகையை அந்த ரேழி பார்த்ததில்லை. தாம் சொன்னதில் எது தப்பு என்று மட்டும் அவருக்குத் தெரியாது. எல்லாம் தப்பு என்று மொத்தமாகச் சொல்லிவிடுவதில் அது ஒரு சௌகரியம்.

 சேஷனின் கைகள் பழக்கத்தில் தாமாகவே நீண்டு சுந்தரராமனைத் தூக்கின. வாயும் பழக்கத்தில், "சாரமில்லே, எழுந்திருங்கோ" என்றது. சொன்ன மறுகணமே அவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. எது சாரமில்லை? அவள் போனது நல்லதற்கு என்று இவன் சொன்னதா?

மேளம் முழங்க ஆரம்பித்துவிட்டது. ஸ்ரீகண்டன் காசிக்குப் புறப்பட்டு, பத்தடி நடந்து, மனசு மாறித் திரும்பி வந்தான். முகூர்த்தமும் தப்பவில்லை. மனைவி இல்லாதவர் என்பதால் சேஷன் மணைப்பக்கம் போகாமல், அங்கே தம்பியையும் தம்பி மனைவியையும் உட்காரவைத்துவிட்டு, தூணோரமாக நின்று தாலி கட்டுவதைப் பார்த்தார். போகிறவர் வருகிறவரெல்லாம் அவரைப் புது மரியாதையோடு பார்த்தார்கள். "சாது மிரண்டா காடு கொள்ளாதுங்கறது சரியாத்தான் இருக்கு" என்றார் ஒருவர். "காப்பி விஷயத்திலே ரொம்ப கறாரானவராம்" என்றார் இன்னொருவர். சிவகாமியம்மாள் அவர் பக்கத்தில் வந்து நின்று, மூக்குத்தியைத் திருகிக்கொண்டே, "நான் சொல்லிக்குடுத்ததைவிட நன்னாவே பண்ணிட்டே" என்றாள். 

நமஸ்காரம் பண்ணப் பெண்ணும் பிள்ளையும் வந்தார்கள். ஸ்ரீகண்டன் விழுந்து எழுந்து, நன்றியோடு வகிட்டைத் தடவிக்கொண்டு நகர்ந்தான். சூடாமணி எழுந்தவள் நகரவில்லை. கல்யாணப் பெண் எப்படி இருக்கவேண்டுமோ அப்படித் தலையைக் குனிந்துகொண்டு, அவருக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்:

"அந்தக் காப்பியிலே ஒரு தப்பும் இல்லே அப்பா. நான் உள்ளேதான் இருந்தேன். மாமா சொன்னதெல்லாம் காதிலே விழுந்தது."

சேஷன் அவளைப் பார்த்தார்.

"நானா இருந்தா," என்றாள் சூடாமணி, கடைக்கண்ணால் மாமாவை ஒரு தடவை பார்த்துவிட்டு, பால் கொஞ்சம் தெளிவாக இருக்கிறது என்று சொல்வதுபோல அவ்வளவு மெதுவாக, "டம்ளரைச் சுவத்திலே எறிஞ்சிருக்க மாட்டேன்."

சேஷனுக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. அது பாதி வழியிலேயே வேறாக மாறிவிட்டது. கண் நிறைந்தது, இரண்டு வருஷமாக எங்கே போயிருந்ததோ, அத்தனையும் ஒரேயடியாகத் திரும்பி வந்தது. நடுப்பந்தலில், ஊர் பார்க்க, தோள் குலுங்கக் குலுங்க அழுதார். லலிதா, லலிதா என்று மனசு அடித்துக்கொண்டது.

"ஹோமப்புகை ஜாஸ்தி" என்றாள் சிவகாமியம்மாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"ஆனந்தக் கண்ணீர்!" என்று வக்கீல் எல்லாருக்கும் தீர்ப்புச் சொன்னார்.

சுந்தரராமன் மட்டும் தொழில் தெரிந்தவர். "இல்லே, சம்பந்திக்கு இன்னும் பரிபவம் தீரல்லே" என்று சொல்லிக்கொண்டே கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். இடுப்பை இறுக்கிக்கொண்டு, அட்சதையும் சந்தனமும் மழைச்சேறுமாக மிதிபட்டுக் கிடந்த தரையில், சேஷனின் காலடியில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். விழுந்தவர், தோளைத் தூக்க வரும் இரண்டு கைகளுக்காகக் காத்திருந்தார்.

சேஷன் துண்டால் முகத்தை நன்றாகத் துடைத்துக்கொண்டார். குனிந்து ஒரு தடவை கீழே பார்த்தார்.

எழுந்திருக்கச் சொல்லவில்லை.